நாற்பதுக்குக் கீழே

வரைவு வாக்காளர் பட்டியல் வந்த அன்று செல்வரதிக்கு முதலில் உறைத்தது அதன் கனம்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவள் பொறுப்பிலுள்ள வாக்குச்சாவடிப் பாகத்துக்கான பட்டியல் நூல் போட்டுக் கட்டிய தடித்த கட்டாக வரும். இந்தத் தடவை நகராட்சி அலுவலகத்தில் அவள் கையில் வைத்தது அதில் பாதிகூட இல்லை. மீதி எங்கே என்று கேட்டாள். இவ்வளவுதான், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள்.

அங்கன்வாடி மையத்துக்குத் திரும்பி, குழந்தைகள் மதியச் சோறு தின்று கண்ணயர்ந்த பிறகு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எண்ணினாள். போன தேர்தலில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். இப்போது ஐந்நூற்று இருபத்தேழு. அவள் குடியிருக்கும் கோயில் தெரு ஒரு பெயர் குறையாமல் இருந்தது. சுங்கச்சாவடிச் சந்து இருந்தது. அளத்தடி மட்டும் இல்லை. ஒரு வீடு, ஒரு ஆள் கூட இல்லை.

பனையன்துறை ஊரின் கிழக்கு ஓரத்தில், உப்பளங்களுக்கும் துறைமுக மதிலுக்கும் நடுவில் கிடக்கிற குடியிருப்பு அது. நூற்றுத் தொண்ணூறு வீடுகள். எல்லாருக்கும் உப்பளத்தில்தான் வேலை. செல்வரதி பத்தொன்பது வருடமாக அந்தக் குழந்தைகளுக்குத்தான் டீச்சர். அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்ததுதான் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்கிற இன்னொரு வேலையும். யார் செத்தார்கள், யார் கல்யாணமாகிப் போனார்கள் என்று வெயிலில் வீடு வீடாக அலைந்து எழுதிக்கொடுக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் புதுச் சட்டம் வந்தபோது அவள் சந்தோஷப்பட்டாள் என்பதே உண்மை. அந்த அலைச்சலை இனிக் கணினி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்துச் சீட்டு, செல்போன் கோபுரம் என்று எல்லா இடத்திலிருந்தும் தகவல் எடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு எண் போடும். அடுத்த ஐந்து வருடமும் அவர் இதே முகவரியில் இருப்பதற்கு நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். அதற்கு இருப்பு எண் என்று பெயர். ஐந்து வருடத்துக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கிறவர் ஐந்து வருடமும் அந்த வார்டில் இருக்கப் போகிறவராக இருக்க வேண்டாமா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நாற்பதுக்குக் கீழே போனவர்கள் ‘ஒத்திவைப்புப் பட்டியலுக்கு’ மாற்றப்படுவார்கள். நீக்கம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை.

செல்வரதியின் எண் எண்பத்தெட்டு. அளத்தடியில் அதிகபட்சமே இருபத்தொன்பதுதான்.

தங்கபுஷ்பத்தை அவள் உப்பளத்திலேயே போய்ப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயது, கறுத்து மெலிந்த உடம்பு, கண்ணைச் சுருக்கியே பேசிப் பழகிய முகம். உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து அங்கே எல்லாருக்கும் நாற்பது வயதிலேயே கண் மங்கிவிடும். தங்கபுஷ்பம் இந்தத் தேர்தலுக்காக ஒரு வருடமாக உழைத்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு முடிந்த பிள்ளைகள் நாற்பத்தாறு பேரைத் தேடிப் பிடித்து மனுப் போட வைத்தவள் அவள். தானே கவுன்சிலருக்கு நிற்பதாக இருந்தாள். துறைமுகத்தை விரிக்கப் போகிறார்கள், அளத்தடியைத் தூக்கிப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போடப் போகிறார்கள் என்ற பேச்சு இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. நகராட்சி மன்றம் தீர்மானம் போட்டால்தான் நிலம் கைமாறும். மன்றத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் அவளுடைய கணக்கு.

செல்வரதி விஷயத்தைச் சொன்னதும் தங்கபுஷ்பம் உப்பு வாருகிற பலகையைப் பாத்தி வரப்பில் சாத்திவிட்டு, தன் எண் எவ்வளவு என்று மட்டும் கேட்டாள்.

“இருபத்தொண்ணு அக்கா.”

“இங்கனயே பொறந்து, இங்கனயே நாலு பெத்து, ஒண்ண இங்கனயே புதைச்சிருக்கேன். எனக்கு இருபத்தொண்ணு.”

ஆட்சேபணை தெரிவிக்கப் பத்து நாள் இருக்கிறது, அதில் நான்கு நாள் விடுமுறை என்றாள் செல்வரதி. எல்லாரும் நேரில் வரவேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் வரக்கூடாது என்பதையும் சொன்னாள். என்ன கொண்டுவர வேண்டும் என்று தங்கபுஷ்பம் கேட்டபோது, படிவத்தில் அச்சடித்திருந்ததை அப்படியே வாசித்துக்காட்டினாள்: அடுத்த ஐந்து ஆண்டுகள் தற்போதைய முகவரியில் வசிப்பேன் என்பதற்கான சான்று.

அந்தச் சான்றுக்காக அளத்தடி பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் புதிதாக அஸ்திவாரம் போட்ட தன் வீட்டின் படத்தைக் கொண்டுவந்தார். ஒரு பெண் ஏழு மாத வயிற்றோடு வந்து, பிள்ளை பெறுவதற்கு ஊர் ஆஸ்பத்திரியில் பதிந்த சீட்டைக் காட்டினாள். ஒருவர் தன் மனைவியைப் புதைத்த இடத்துக்கு நகராட்சி கொடுத்த ரசீதை நீட்டினார். நகராட்சித் தேர்தல் பிரிவின் கண்காணிப்பாளர் நயினார் ஒவ்வொன்றையும் வாங்கிக் கணினிக்குக் காட்டினார். கணினி யோசித்தது. அஸ்திவாரத்துக்கு ஒரு புள்ளி கொடுத்தது. ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கல்லறை ரசீதுக்கு இரண்டு கொடுத்தது. அந்த மனிதர் இருபத்து நான்கிலிருந்து இருபத்தாறுக்கு வந்தார். நாற்பதைத் தொட இன்னும் ஏழு பேரைப் புதைக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஆறு நாளில் ஒரே ஒரு மேசை. அறுநூற்றுப் பதின்மூன்று பேர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் நாள் மதியம் தங்கபுஷ்பத்தின் முறை வந்தது. அந்தப் பாகத்தின் கள அலுவலர் என்பதால் செல்வரதியும் மேசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் எந்தக் காகிதமும் கொண்டுவரவில்லை. எதை வைத்து இந்த எண்ணைப் போட்டீர்கள், அதைக் காட்டுங்கள் என்றாள். காட்ட விதியில்லை என்றார் நயினார். விதி இருக்கிறதோ இல்லையோ, காட்டாமல் எழுந்திருக்கப் போவதில்லை என்று அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் வரிசை முழுவதும் எழுந்து நின்றுவிட்டது. நயினார் கெட்டவர் இல்லை, ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கியிருக்கிற மனிதர். நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரையை அவள் பக்கம் திருப்பினார். தங்கபுஷ்பத்துக்கு எழுத்து தெளிவாகத் தெரியவில்லை. டீச்சர், வாசியுங்கள் என்றாள்.

காரணம் என்று இரண்டே இரண்டு வரிகள் இருந்தன. செல்வரதி முதல் வரியைப் பார்த்தாள். அதையே மறுபடி பார்த்தாள்.

“வாசிங்க டீச்சர்.”

“ஆண்டுக்கு மூன்று மாதம் குடும்பம் முகவரியில் இல்லை. ஏழு ஆண்டுகளாக. ஆதாரம்…” அவள் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். “ஆதாரம், அங்கன்வாடி மையம் பதினாலு, வருகைப் பதிவு.”

அது அவளுடைய மையம். தங்கபுஷ்பத்தின் பேரப்பிள்ளைகள் வந்ததும் அங்கேதான். மழைக்காலத்தில் உப்பளம் தண்ணீரில் கிடக்கும், வேலை இருக்காது. ஐப்பசி பிறந்ததும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்கும் பருத்திக் காட்டுக்கும் போய்விட்டுத் தை பிறக்கும்போது திரும்புவார்கள். வராத குழந்தைக்கு வெறுமனே ஆப்சென்ட் போட்டால் சத்துமாவு கிடைக்காது. ‘குடும்பம் வெளியூர்’ என்று குறித்தால் மூன்று மாதத்துக்கான பாக்கெட்டை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடலாம். அந்த வழியைக் கண்டுபிடித்து வருடா வருடம் ஒரு குழந்தை விடாமல் குறித்தவள் செல்வரதிதான். அதற்காக மாவட்டத்தில் பாராட்டுகூட வாங்கியிருக்கிறாள்.

தங்கபுஷ்பம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று செல்வரதிக்குத் தோன்றியது. தங்கபுஷ்பம் திரையைக் காட்டினாள். அடுத்த வரி.

“அளத்தடி நிலத்தைத் துறைமுகத்துக்கு மாற்றும் தீர்மானம். வருகிற நகராட்சி மன்றத்தில் நிறைவேற வாய்ப்பு, நூற்றுக்கு எண்பத்து மூன்று.”

தங்கபுஷ்பம் அதை மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

“சார், அந்த மன்றம் இன்னும் வரலையே.”

“வரல.”

“இந்தத் தேர்தல்ல ஜெயிக்கிறவங்கதான அதுல உக்காரப் போறாவ?”

“ஆமா.”

“நாங்க ஓட்டுப் போட்டா அந்தத் தீர்மானம் வராது. தீர்மானம் வரும்னு சொல்லி எங்க ஓட்ட எடுத்துட்டீங்க. எங்க ஓட்ட எடுத்தா தீர்மானம் வராம என்ன செய்யும்?”

நயினார் மேசையைப் பார்த்துக்கொண்டே, கணிப்பு யார் பக்கமும் சாயாது, நடக்கப் போவதைத்தான் சொல்லும் என்றார். பாடமாகச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. தங்கபுஷ்பம் எழுந்தாள். அவளுடைய எண்ணில் எந்த மாற்றமும் இல்லை என்று கணினி தெரிவித்தது.

படியிறங்கும்போது செல்வரதி பின்னாலேயே போய், எனக்குத் தெரியாது அக்கா என்றாள். சத்துமாவுக்காகத்தான் எழுதினேன் என்றாள். தங்கபுஷ்பம் திரும்பி நின்றாள்.

“தெரியாதுதான். நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்க. எங்களப் பத்தி எல்லாரும் நல்லதுக்குத்தான் எழுதுதாவ. இனிமே எழுதாதீங்க.”

அன்று வீட்டுக்குப் போகிற வழி முழுவதும் செல்வரதிக்கு உடம்பு எரிந்தது. முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. கோயில் தெரு முனைக்கு வருவதற்குள் அது கோபமாகிவிட்டது. பசித்த பிள்ளைக்காகப் போட்ட கையெழுத்து. அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போய், அந்தப் பிள்ளையின் குடும்பத்துக்கே எதிராகச் சாட்சியாக நிறுத்தியிருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் அவள் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. நல்ல டீச்சர் என்று மாவட்டத்தில் பாராட்டியதெல்லாம் இதற்குத்தான் போலிருக்கிறது.

மறுநாள் நயினார் அவளைக் கூப்பிட்டு ஒரு சான்றிதழை நீட்டினார். ஒத்திவைப்புப் பட்டியலில் உள்ள அறுநூற்றுப் பதின்மூன்று பேரையும் களத்தில் விசாரித்தேன், கணிப்பு சரியானது என்று கள அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாப் பாகத்திலும் போட்டுவிட்டார்கள், இவள்தான் பாக்கி.

செல்வரதி போடமாட்டேன் என்றாள். நான் விசாரிக்கவே இல்லையே என்றாள்.

“எம்மா, யாரும் விசாரிக்கலம்மா. சும்மா ஒரு சடங்கு. போடலன்னா உன் மேல குறிப்பு எழுதச் சொல்லுவாங்க.”

“எழுதுங்க சார். நான் எழுதினத வச்சு அறுநூறு பேரத் தூக்கிட்டீங்க. எம்மேல எழுதுறதுக்கு என்ன.”

நயினார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அலமாரியிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் பதினொன்றாம் விதியைக் காட்டினார். கணிப்புக்கு மாறாகக் கள அலுவலர் எழுத்தில் அறிக்கை கொடுத்தால், அறிக்கையே செல்லும். ஆனால் ஒரு ஆளுக்கு ஓர் அறிக்கை. நேரில் பார்த்த இடம், நேரம், புகைப்படம், வாக்காளர், அலுவலர் இருவரின் கையெழுத்து. மொத்தமாக எழுதினால் செல்லாது. யாராலும் முடியாது என்று தெரிந்துதான் அப்படி ஒரு விதியை வைத்திருக்கிறார்கள் என்றார் அவர். இன்னும் நான்கு நாள் இருந்தது.

அந்த நான்கு நாளும் செல்வரதி அளத்தடியில்தான் இருந்தாள். மையத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு, விடிந்ததும் உப்பளத்துக்குப் போய்விடுவாள். கூலியை விட்டு மறுபடி யாரையும் வரச்சொல்லக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தாள். பாத்திக்குப் பாத்தி வரப்பில் நடந்து, அவர்கள் பலகையைக் கையில் பிடித்திருக்கும்போதே படம் எடுத்தாள். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களால் அவர்கள் அவள் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கள அலுவலர் கருத்து என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் ஒரே வார்த்தையை எழுதினாள். இருக்கிறார். இருக்கிறார். இருக்கிறார். இரண்டாம் நாள் மாலை கட்டைவிரல் வீங்கிவிட்டது.

பிச்சையா என்ற எண்பது வயதுக்காரர் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். தன் எண் என்ன என்று கேட்டார். ஒன்பது. அவள் சொல்லத் தயங்கினாள், அவர் விடவில்லை. மீதித் தொண்ணூற்றொன்றும் ஊரை விட்டுப் போவதற்கா, உலகத்தை விட்டுப் போவதற்கா என்று கேட்டார். அப்படிப் பிரித்துப் போடவில்லை தாத்தா என்றாள். செத்தால் நானே வந்து சொல்கிறேன், அதுவரை எழுது என்று கையை நீட்டினார்.

முதல் நாள் தங்கபுஷ்பம் அவள் பக்கமே வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் ஒரு குடம் தண்ணீரோடு வரப்பில் வந்து நின்றாள். மூன்றாம் நாளிலிருந்து முன்னால் நடந்து, யார் எந்தப் பாத்தியில் இருக்கிறார்கள் என்று காட்டினாள். சத்துமாவைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை. நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு அறுநூற்றுப் பதின்மூன்றாவது அறிக்கையை நயினாரின் மேசையில் வைத்தார்கள். அவர் ரசீது கொடுத்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் செல்வரதி நினைத்தாள். அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நயினாரிடமிருந்து போன் வந்தது. பேர்கள் எல்லாம் திரும்பச் சேர்ந்துவிட்டன என்றார். அவள் மூச்சு விடுவதற்குள் மீதியைச் சொன்னார். துணைப்பட்டியல் நாளைதான் வெளியாகும். வேட்புமனு இன்று மூன்று மணியோடு முடிகிறது. பட்டியலில் இல்லாத யாரும் நிற்க முடியாது. அளத்தடி அடங்கிய இருபத்து மூன்றாம் வார்டில் இதுவரை ஒரே மனுதான் வந்திருக்கிறது. பழைய கவுன்சிலர் லிங்கதுரையினுடையது.

“ஒரே மனுன்னா என்ன சார் ஆகும்?”

“போட்டியில்லாம ஜெயிச்சார்னு அறிவிச்சிருவாங்க. தேர்தலே இருக்காதும்மா.”

அறுநூற்றுப் பதின்மூன்று பேருக்கும் ஓட்டு இருக்கும். போட எதுவும் இருக்காது. செல்வரதி போனைக் கையில் வைத்துக்கொண்டு மையத்தின் நடுவில் நின்றாள். சுற்றிலும் குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு ஏற்பாட்டை ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்துச் செய்திருந்தால் அவனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். இதில் பிடிக்க ஒரு சட்டை இல்லை. எல்லாம் தேதி, எல்லாம் விதி.

தேர்தலில் நிற்கத் துணிவார்களா என்று கோயில் தெருவில் நான்கு வீட்டில் கேட்டாள். நால்வரும் லிங்கதுரைக்கு வேண்டியவர்கள், இல்லையென்றால் பயந்தவர்கள். பதினொன்றரைக்கு உப்பளத்துக்கு ஓடினாள். நானே நிற்கிறேன், வேலையை விட்டால் நிற்கலாம் என்று தங்கபுஷ்பத்திடம் சொன்னாள். தங்கபுஷ்பத்தின் முகம் சுருங்கியது. ஒரு வருடம் அலைந்து ஆள் சேர்த்தவள் அவள்.

“எங்களுக்காக எழுதினீங்க. இப்ப எங்களுக்காகப் பேசவும் நீங்கதானா?”

“வேற யாரு அக்கா இருக்கா? மூணு மணிக்குள்ள சொல்லுங்க.”

தங்கபுஷ்பம் துறைமுக மதிலைப் பார்த்து உரக்கக் காறித் துப்பினாள். போங்க, போய்ப் போடுங்க என்றாள். அதில் வாழ்த்து இல்லை, அனுமதி மட்டும்தான் இருந்தது.

முன்மொழிய ஒரு வாக்காளர் வேண்டும். செல்வரதியின் கணவன் சுயம்புலிங்கம் துறைமுகத்தில் ஒப்பந்த எலக்ட்ரீசியன். விரிவாக்கம் வந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை நடுவில் வெளியே வரச்சொல்லி, மதில் வாசலில் வைத்துக் காகிதத்தை நீட்டினாள். அவன் முழுவதையும் படித்தான்.

“ஒன் வேலையும் போச்சு, என் வேலையும் வராது. அப்படித்தான?”

“ஆமா.”

“ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருக்கலாம்லா.”

“நேரம் இல்லங்க.”

அவன் அவள் முதுகையே பலகையாக வைத்துக் கையெழுத்துப் போட்டான். அழுத்திப் போட்டதில் பேனா முனை முதுகில் குத்தியது. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்து ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டு அவள் மனுவைத் தாக்கல் செய்தபோது மணி இரண்டு ஐம்பது.

தேர்தல் நடந்தது. தங்கபுஷ்பம் அளத்தடியில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். பிச்சையாவைக் கட்டிலோடு தூக்கிவந்து ஓட்டுப் போட வைத்தார்கள். கோயில் தெருவில் செல்வரதிக்கு விழுந்தவை விரல்விட்டு எண்ணிவிடக் கூடிய ஓட்டுகள். அளத்தடியில் ஐந்நூற்று எண்பத்தொன்று. வார்டு முழுவதும் எண்ணி முடித்தபோது நூற்று நான்கு ஓட்டில் ஜெயித்தாள்.

புரட்டாசிக் கடைசியில் மன்றத்தின் முதல் கூட்டம். முப்பத்து மூன்று பேருக்கும் மேசை மேல் ஒரு சிறு திரை வைத்திருந்தார்கள். அதில் அன்றைய தீர்மானங்கள் வரிசையாக இருந்தன. ஆறாவது, அளத்தடி நில மாற்றம். அதைத் தொட்டதும் கீழே ஒரு கட்டம் விரிந்தது. எதிர்பார்க்கப்படும் முடிவு: ஆதரவு இருபத்து நான்கு, எதிர்ப்பு ஒன்பது. அதற்கும் கீழே ஒவ்வோர் உறுப்பினர் பெயரும், அவர் ஆதரிக்க எவ்வளவு வாய்ப்பு என்ற எண்ணும். கூட்ட நேரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்த வசதி என்று ஆணையர் விளக்கினார். விவாதம் தேவைப்படாத தீர்மானங்களைச் சீக்கிரம் தள்ளிவிடலாம்.

செல்வரதி தன் பெயரைத் தேடினாள். வார்டு இருபத்து மூன்று, ஆதரவு, எண்பத்தொன்று.

கோயில் தெருவில் சொந்த வீடு. துறைமுகத்தில் கணவன். வேலையை விட்ட மனைவி. கணினி முட்டாள்தனமாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்பதுதான் அவளைச் சுட்டது. முந்தின நாள் சாப்பிடும்போது சுயம்புலிங்கம், தீர்மானம் எப்படியும் வரத்தானே போகிறது என்று ஒரு தரம் சொன்னான். அவளும் உடனே மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனத்தையும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டுக்கொண்டார்களோ என்று இருந்தது.

ஆறாவது தீர்மானம் வந்தபோது, விவாதம் தேவையில்லை என்று தலைவர் தாண்டப் பார்த்தார். செல்வரதி எழுந்தாள். நிறுத்தாமல் பேசினாள்.

“எம்பேருக்கு நேரே எண்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. நான் ஆதரிப்பேன்னு எழுதியிருக்கு. இதே மாதிரி எழுதித்தான் அறுநூத்திப் பதின்மூணு பேரு ஓட்ட எடுத்தாங்க. உங்க ஒவ்வொருத்தர் பேருக்கு நேரேயும் போட்டிருக்கு, பாருங்க. நீங்க கையத் தூக்குறதுக்கு முன்னாடியே எண்ணி முடிச்சிட்டாங்க. அப்ப நம்மள எதுக்கு இங்க வரச்சொன்னாங்க?”

எல்லாரும் குனிந்து தங்கள் பெயரைத் தேடினார்கள். எட்டாம் வார்டு உறுப்பினர், மரக்கடை வைத்திருக்கிற மனிதர், அவருக்குத் தொண்ணூற்றாறு போட்டிருந்தது. அளத்தடியைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இருந்ததில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. நான் என்ன சொல்வேன் என்று என் பெண்டாட்டிக்கே தெரியாது, இவன் யார் சொல்ல என்று திரையைக் கவிழ்த்து வைத்தார். இன்னும் சிலர் கவிழ்த்தார்கள்.

ஆதரவு பதினாறு, எதிர்ப்பு பதினேழு. தீர்மானம் தோற்றது.

நியாயம் ஜெயித்தது என்று சொல்ல செல்வரதிக்கு வாய் வரவில்லை. ஏழெட்டுப் பேரின் ரோஷம்தான் ஜெயித்தது. ஆணையர் முகம் மாறாமல், தோற்ற தீர்மானத்தை மூன்று மாதம் கழித்து மறுபடி கொண்டுவரலாம், இன்றைய வாக்கெடுப்பையும் கணிப்பு சேர்த்துக்கொள்ளும் என்று அறிவித்தார். அவள் அந்தக் கட்டத்தை மறுபடி தொட்டாள். நிறைவேற வாய்ப்பு எண்பத்து மூன்று என்று இருந்தது எழுபத்தொன்பதாகியிருந்தது. இத்தனைக்கும் சேர்த்து நான்கு புள்ளி.

வெளியே மழைக்கு முந்தின காற்று அடித்துக்கொண்டிருந்தது. தங்கபுஷ்பம் வாசலில் நின்றிருந்தாள். செல்வரதி நடந்ததையெல்லாம் சொன்னாள். அவள் வாழ்த்தவில்லை. அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள். தை மாதம், புது வாக்காளர் பட்டியலும் அப்போதுதான் போடுவார்கள் என்றாள் செல்வரதி.

தங்கபுஷ்பம் விரலை மடக்கி எண்ணினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி.

“அப்ப இந்த மழைக்கு யாரும் சூளைக்கோ பருத்திக்கோ போவப்பிடாது. அத்தன பேரும் இங்கனயே கெடக்கணும். போனா மறுபடி எழுதிருவான், இல்லன்னு.”

“உப்பளம் தண்ணிக்குள்ள கெடக்குமே அக்கா. மூணு மாசம் என்னத்தச் சாப்பிடுவீங்க?”

தங்கபுஷ்பம் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, அளத்தடிப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். நான்கடி போய்த் திரும்பினாள்.

“அத இனிமே நீங்கதான் யோசிக்கணும், கவுன்சிலர்.”